லண்டன் சைட்சீயிங் பஸ்: முட்டி வலி உள்ள அம்மாவுடன் போகலாமா? டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிள்ளைகள் லண்டனில் வேலை பார்க்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மாவை வரவழைக்கிறார்கள். வந்த முதல் சனிக்கிழமையே மேற்கூரை இல்லாத டபுள் டெக்கர் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்ட டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பஸ் வந்து நிற்கிறது. பேரப் பிள்ளைகள் தடதடவென்று மாடிக்கு ஓடுகிறார்கள். அம்மா படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார்.

"நீங்க போங்கப்பா, நான் இங்கேயே உட்காந்துக்கறேன்."

மகனும் மருமகளும் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கீழே வந்து எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது குழந்தைகளின் போனில் இருநூறு போட்டோ. அம்மா பார்த்தது பெரும்பாலும் எதிர் சீட்டின் முதுகையும் பக்கத்து லேனில் நின்ற வேன்களையும்தான்.

வெளிநாட்டுக்குப் பெற்றோரை அழைத்துப் போகும் பல வீடுகளுக்கு இது பழகிய காட்சி. விமான நிலையத்தில் வீல்சேர் உதவி கேட்கத் தயங்காத குடும்பங்கள்கூட, ஊருக்குள் இறங்கியதும் அம்மாவின் முட்டியை மறந்துவிடுகின்றன. அம்மாவும் நினைவுபடுத்த மாட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் அவருடைய நிரந்தர பதில்.

லண்டன் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உள்ள வசதிகள் மோசமில்லை. பல விஷயங்களில் உலகின் நல்ல உதாரணங்களில் ஒன்று. ஆனால் அந்த வசதி எந்த பஸ்ஸில், எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தெரியாமல் டிக்கெட் எடுத்தால் பணமும் போகும், ஒரு நாளும் போகும்.

விற்பது மாடியை, வசதி இருப்பது தரையில்

சைட்சீயிங் பஸ் விளம்பரங்களில் தெரியும் காட்சி எல்லாமே மேல்தளத்திலிருந்து எடுத்தவை. மரக்கிளைகளுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, பிக் பென் கடிகாரம் நேருக்கு நேர். டிக்கெட் விலையில் பெரும்பகுதி அந்த உயரத்துக்கான விலைதான். ஆனால் மாடிக்குப் போக படிக்கட்டு மட்டும்தான் உண்டு, லிஃப்ட் இல்லை. வீல்சேர் இடம், முன்னுரிமை இருக்கை, ராம்ப் என்று சட்டம் கேட்கும் வசதிகள் அனைத்தும் கீழ்த்தளத்தில்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் 'வீல்சேர் வசதி உண்டு' என்று போட்டிருந்தால், அதற்கு அர்த்தம் பஸ்ஸுக்குள் ஏறலாம் என்பதே. விளம்பரத்தில் காட்டிய காட்சியைப் பார்க்கலாம் என்பது அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் பலரும் ஏமாறும் இடம்.

கீழ்த்தளத்திலிருந்து பார்ப்பது அவ்வளவு மோசமா? பஸ்ஸைப் பொறுத்தது. சிலவற்றில் ஜன்னல் மேலேயே விளம்பர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உள்ளிருந்து புள்ளி புள்ளியாகத்தான் வெளியே தெரியும். நேரடி வர்ணனை சொல்லும் வழிகாட்டி இருந்தால், அவர் பெரும்பாலும் மாடியில் நிற்பார். குரல் ஒலிபெருக்கியில் கீழே வரும். "இதோ, இடப்பக்கம் மேலே பாருங்க" என்பார். கீழே இருப்பவருக்கு மேலே எதுவும் தெரியாது.

படிக்கட்டில்தான் உண்மையான ஆபத்து

டபுள் டெக்கர் படிக்கட்டு வீட்டு மாடிப்படி மாதிரி இல்லை. குறுகலானது, பாதியில் திரும்பும், படிகள் செங்குத்து. நின்ற பஸ்ஸில் ஏறுவது ஒன்று. நகரும் பஸ்ஸில் இறங்குவது வேறு. ஏறும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டுமே என்ற பதற்றத்தில், பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து படிக்கு வருவதுதான் சிக்கல். டிரைவர் ஒரு பிரேக் போட்டால் போதும்.

இதற்கு ஒரு எளிய ஒத்திகை இருக்கிறது. கிளம்பும் முன், ஊரில் வீட்டு மாடிப்படியில் ஒரு கையில் மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி, நிற்காமல் பத்துப் பன்னிரண்டு படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார் என்றால், பஸ் மாடி அவருக்கு வேண்டாம். சுகமாக இறங்கினால் மேலே போகலாம். படிக்கட்டுக்கு அருகிலேயே உட்கார வையுங்கள். மணியை அழுத்திவிட்டு, பஸ் முழுவதும் நின்ற பிறகு எழுந்தால் போதும். ஏறும்போதே டிரைவரிடம் "மாடியிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக இறங்குவார்" என்று சொல்லி வைப்பதில் தப்பே இல்லை. அவர்கள் காத்திருப்பார்கள். நம் ஊர் கண்டக்டர் விசிலுக்குப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

வீல்சேரில் போகிறவர் என்றால்?

பிரிட்டனில் பேருந்துகளின் அணுகல்தன்மைக்கான விதிகள் 2000-ல் வந்தன. 22 பயணிகளுக்கு மேல் ஏற்றும் உள்ளூர் வழித்தடப் பேருந்துகளில் வீல்சேருக்கு இடம், ராம்ப் அல்லது லிஃப்ட், பளிச்சென்று தெரியும் நிறத்தில் கைப்பிடிகள் எல்லாம் இருக்க வேண்டும். டபுள் டெக்கர்களுக்கு அதற்கான இறுதிக் கெடு 2017 ஜனவரி 1.

சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு உடனே புரியும். உள்ளே படி கிடையாது. நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து தாழும். ராம்ப் வெளியே வரும்.

ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பஸ்ஸில் வழக்கமாக ஒரு வீல்சேருக்குத்தான் இடம். உங்கள் வீட்டில் இருவர் வீல்சேரில் என்றால் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போக முடியாது என்றே திட்டமிட வேண்டும். ஏற்கெனவே ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் அடுத்த பஸ்தான். நகரப் பேருந்தில் அடுத்தது சில நிமிடங்களில் வந்துவிடும். சைட்சீயிங் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட நிற்க நேரலாம். அதுவும் மாலையில், கடைசி பஸ் என்றால், அங்கேயே நிற்க வேண்டியதுதான். வீல்சேரில் இருப்பவர் கடைசி பஸ்ஸை நம்பி இருக்கவே கூடாது. அதற்கு இரண்டு பஸ் முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது.

அளவு விஷயத்துக்கு வருவோம். லண்டன் நகரப் பேருந்துகளில் 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் வரை உள்ள வீல்சேர் ஏறும். ஊரில் வாங்கிய சாதாரண மடக்கு வீல்சேர் இதற்குள் அடங்கிவிடும். கால் தாங்கியை முழுவதும் நீட்டி வைத்திருப்பவர்கள்தான் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும். பேட்டரி வீல்சேர் என்றால் எடையும் முக்கியம். ராம்ப் குறைந்தது 300 கிலோ தாங்க வேண்டும் என்பது விதி. ஆள், நாற்காலி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மொபிலிட்டி ஸ்கூட்டருக்கு எல்லை இன்னும் சிறியது: 60 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளம். சார்ஜருக்கு பிரிட்டிஷ் மூன்று முனை பிளக் அடாப்டர் மறக்க வேண்டாம். மின்னழுத்தம் நம் ஊர் அளவுதான், பிளக்தான் பொருந்தாது.

சைட்சீயிங் நிறுவனங்களின் பஸ்கள் எல்லாம் ஒரே மாடல் இல்லை என்பதால், இந்த அளவுகளைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. "அந்த வழித்தடத்தில் ஓடும் எல்லா பஸ்ஸிலும் ராம்ப் உண்டா, சிலவற்றில் மட்டுமா? வீல்சேர் இடம் நிரம்பியிருந்து ஏற முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? உடன் வரும் பராமரிப்பாளருக்கு டிக்கெட் தேவையா?" இந்த மூன்று கேள்விக்கும் மின்னஞ்சலில் நேரடியான பதில் வராத நிறுவனத்தில் டிக்கெட் எடுக்காமல் இருப்பதே மேல்.

இன்னொரு எச்சரிக்கை. 'விண்டேஜ் பஸ் டூர்', 'பஸ்ஸில் தேநீர் விருந்து' என்று பழைய ரூட்மாஸ்டர் பஸ்களில் சில சுற்றுலாக்கள் நடக்கின்றன. பின்னால் திறந்த மேடையும் நடுவில் ஒரு கம்பமும் கொண்ட அந்தச் சிவப்பு பஸ் போட்டோவில் ரொம்ப அழகு. ஆனால் ஏற உயரமான படி, ராம்ப் இல்லை. 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து அந்த பஸ்கள் விலக்கப்பட்டதற்கு, மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாததும் ஒரு முக்கியக் காரணம். முட்டி வலிக்காரர்களுக்கும் அது சரிவராது.

'அந்த இடம் யாருக்கு?' நீதிமன்றம் வரை போன கேள்வி

வீல்சேர் இடத்தில் குழந்தை வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் என்ன செய்வது? இதற்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2012-ல் டக் பாலி என்ற வீல்சேர் பயனாளி, வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில் ஏற வந்தார். வீல்சேர் இடத்தில் ஒரு பெண், தூங்கும் குழந்தையை வண்டியில் வைத்திருந்தார். நகரச் சொல்லி டிரைவர் கேட்டார். வண்டி மடங்காது என்று அவர் மறுத்துவிட்டார். டிரைவர் அதோடு விட்டுவிட்டார். பாலி அடுத்த பஸ்ஸில் போனார். லீட்ஸில் பிடிக்க வேண்டிய ரயிலைத் தவறவிட்டார். பஸ்ஸை இயக்கிய ஃபர்ஸ்ட்குரூப் மீது வழக்குப் போட்டார்.

கீழமை நீதிமன்றம் 5,500 பவுண்ட் இழப்பீடு கொடுத்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. 2017 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது இது: டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது. நியாயமில்லாமல் மறுக்கிறார் என்று தோன்றினால் அழுத்திச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் சில நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைப்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் மறுப்பவரை இறக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பாலிக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை.

பாதி வெற்றிதான். ஆனாலும் பயணிக்கு அது ஒரு பிடி. யாராவது இடத்தை அடைத்திருந்தால் அவரிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை; டிரைவரிடம் சொல்லுங்கள், கேட்பது அவர் பொறுப்பு.

இதில் நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. பேரக் குழந்தையின் ஸ்ட்ரோலரை அந்த இடத்தில் நிறுத்துவது பல குடும்பங்களுக்குப் பழக்கம். வீல்சேர் யாரும் இல்லாதபோது நகரப் பேருந்தில் நிறுத்தலாம். ஒருவர் வந்தால் மடக்கிவிட வேண்டும். ஆகவே பயணத்துக்கு ஒரு கையால் மடக்கக்கூடிய ஸ்ட்ரோலரே நல்லது. அடியில் ஷாப்பிங் பையெல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு, "இது மடங்காதுங்க" என்று சொல்லும் ஆளாக நாமே ஆகிவிட வேண்டாம்.

அப்போ எதில் போறது? சாதாரண சிவப்பு பஸ்ஸில்!

லண்டன்வாசிகள் அன்றாடம் வேலைக்குப் போகும் சிவப்பு டபுள் டெக்கர்தான் முட்டி வலிக்காரருக்கும் வீல்சேர் பயனாளிக்கும் பல நேரங்களில் சிறந்த சைட்சீயிங் பஸ். காரணம் எளிது. அது போகும் வீதிகளும் சைட்சீயிங் பஸ் போகும் வீதிகளும் நடு லண்டனில் பெரும்பாலும் ஒன்றே. வசதி மட்டும் கூடுதல், விலை பல மடங்கு குறைவு.

சைட்சீயிங் பஸ்ஸில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் பொதுவாக 30 பவுண்டைத் தாண்டும். நகரப் பேருந்தில் 2025 நிலவரப்படி ஒரு பயணம் 1.75 பவுண்ட். முதலில் கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75-தான். நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் எடுக்காது. வீல்சேரில் வருபவருக்குக் கட்டணமே இல்லை. 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இல்லை.

காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள். 2014 ஜூலையோடு ரொக்கம் நின்றுவிட்டது. கான்டாக்ட்லெஸ் கார்டு அல்லது ஆய்ஸ்டர் கார்டு வேண்டும். ஒருவருக்கு ஒரு கார்டு என்பதைக் கவனியுங்கள். மகன் கார்டையே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத் தட்ட முடியாது. பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு ஆய்ஸ்டர் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுவது சுலபம்.

லண்டன் நகரப் பேருந்துகள் எல்லாமே தாழ்தளம். வீல்சேர் நடுக் கதவு வழியாக ஏறும். கதவுக்குப் பக்கத்தில் நீல நிறப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் டிரைவருக்கு ராம்ப் தேவை என்று தெரியும். எல்லோரும் இறங்கி முடித்ததும் கதவை மூடிவிட்டு, ராம்பை நீட்டிய பிறகு மறுபடி திறப்பார். இது தெரியாமல் "கதவை மூடிட்டான், விட்டுட்டுப் போறான்" என்று பதற வேண்டாம். உள்ளே வீல்சேர் இடத்திலும் ஒரு நீலப் பொத்தான் உண்டு, இறங்கும்போது அழுத்த. ராம்ப் வேலை செய்தால்தான் பஸ் டிப்போவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது விதி.

வீல்சேர் இல்லாமல் மெதுவாக நடக்கும் பெரியவருக்கு, முன்கதவை ஒட்டி முன்னுரிமை இருக்கைகள் இருக்கின்றன. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் நிறுவனம் 'எனக்கு உட்கார இடம் தாருங்கள்' என்ற பொருளில் ஒரு நீல நிற பேட்ஜை இலவசமாக வழங்குகிறது. 2016-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கி 2017-ல் முழுமையாக வந்தது. வெளியே தெரியாத வலி உள்ளவர்களுக்காகவே வந்தது அது. வாய் திறந்து இடம் கேட்கக் கூச்சப்படும் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

எந்த பஸ், எந்தப் பக்கம்?

மூன்று வழித்தடங்கள் போதும்: 9, 15, 24. (வழித்தடங்கள் அவ்வப்போது மாறும், கிளம்பும் அன்று டிஎஃப்எல் கோ செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிக்கட்டு இல்லாத வழிகளை மட்டும் காட்டும் வசதியும் அதில் உண்டு.)

9-ம் எண் பஸ் ஹாமர்ஸ்மித்திலிருந்து கென்சிங்டன், ராயல் ஆல்பர்ட் ஹால், ஹைட் பார்க் கார்னர், பிக்காடில்லி வழியாக டிராஃபல்கர் சதுக்கம் பக்கம் வரும். 15-ம் எண் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் வீதி, செயின்ட் பால்ஸ் தேவாலயம், மானுமென்ட், லண்டன் கோபுரம் என்று கிழக்கே போகும். 24-ம் எண் அதே சதுக்கத்திலிருந்து தெற்கே வைட்ஹால் வழியாக நாடாளுமன்றச் சதுக்கத்தைத் தொட்டு விக்டோரியா போகும்.

இதில் வீல்சேரில் போகிறவருக்கு மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீல்சேர் இடம் பெரும்பாலும் நடுக் கதவுக்கு எதிர்ப்புறம், அதாவது பஸ்ஸின் வலப்பக்கம் இருக்கும். நாற்காலியைப் பின்னோக்கித் திருப்பி, முதுகுத் தடுப்பில் ஒட்டி நிறுத்தி பிரேக் போட வேண்டும். அதனால் ஊர் அவருக்குப் பின்னோக்கி நகரும். வலப்பக்கக் காட்சிதான் நன்றாகத் தெரியும். சிலருக்கு பின்னோக்கிப் போனால் தலைசுற்றும். அப்படியானால் முதல் நாளே நீண்ட பயணம் வேண்டாம், நாலைந்து நிறுத்தம் போய்ப் பாருங்கள்.

கிழக்கே போகும் 15-ல் செயின்ட் பால்ஸ் இடப்பக்கம் வரும். வீல்சேரில் இருப்பவர் அதைத் தவறவிடுவார். லண்டன் கோபுரம் வலப்பக்கம், அது கிடைக்கும். திரும்பி வரும் 15-ல் செயின்ட் பால்ஸ் வலப்பக்கம் வந்துவிடும். 9-ம் எண்ணும் இதே கதைதான்: கிழக்கே போகையில் ராயல் ஆல்பர்ட் ஹால் வலப்பக்கம்; எதிரே பூங்காவில் தங்க முலாம் பூசிய ஆல்பர்ட் நினைவுச் சின்னம் இடப்பக்கம். ஆக, போன பஸ்ஸிலேயே திரும்பி வருவது அவருக்கு ஒரே காட்சியை இரண்டாம் முறை பார்ப்பது அல்ல. சாலையின் மறுபாதியைப் பார்ப்பது. வீல்சேருக்குக் கட்டணமும் இல்லை என்பதால் செலவு ஒன்றும் கூடாது.

24-ல் தெற்கே போகும்போது குதிரைக் காவலர்கள் நிற்கும் ஹார்ஸ் கார்ட்ஸ், டவுனிங் வீதியின் இரும்புக் கதவு இரண்டும் வலப்பக்கம். பிக் பென் சதுக்கத்துக்கு வந்த பிறகு இடப்பக்கம். அங்கே இறங்கி நின்று பார்ப்பதே சரி.

இந்த பஸ்ஸில் வர்ணனை கிடையாது என்பது உண்மையான குறை. அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் குரலிலும் எழுத்திலும் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் சைட்சீயிங் பஸ்ஸின் இயர்போனிலும் தமிழ் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆங்கிலம் வேகமாகப் புரியாத அப்பாவுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி சொல்லும் கதையே மேல். முந்தின நாள் இரவு பத்து இடங்களைப் பற்றி ரெண்டு ரெண்டு வரி படித்து வைத்துக்கொண்டால் போதும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்: கழிப்பறை

நகரப் பேருந்து, சைட்சீயிங் பஸ் இரண்டிலுமே கழிப்பறை கிடையாது. ஒரு முழுச் சுற்று இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். நடு லண்டன் டிராஃபிக்கில் இன்னும் கூடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், நீர் மாத்திரை போடுபவர்கள் இதற்கு பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, மாலையில் மயங்கிச் சாய்வார்கள்.

எனவே பயணத்தைக் காட்சிகளை வைத்துத் திட்டமிடுவதைவிடக் கழிப்பறைகளை வைத்துத் திட்டமிடலாம். டிராஃபல்கர் சதுக்கத்தில் நேஷனல் கேலரி இருக்கிறது. நுழைவு இலவசம், லிஃப்ட் உண்டு, கழிப்பறை சுத்தம், உட்கார இடம் உண்டு. 9, 15, 24 மூன்றும் அந்தப் பக்கம் வருவதால் அதையே நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். காலையில் 9-ல் வந்து ஒரு இடைவேளை, 15-ல் போய்வந்து இன்னொன்று, பிறகு 24. மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறைகள் சில இடங்களில் பூட்டியிருக்கும். 'ரேடார் சாவி' என்ற பொதுச் சாவியால் நாடு முழுக்க அவற்றைத் திறக்கலாம். சில பவுண்டுக்கு ஆன்லைனில் கிடைக்கும். லண்டனில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் வரும் முன்பே வாங்கி வைக்கலாம்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையில்லாத மாடியில் பஸ் ஓடும்போது அடிக்கும் காற்று, கீழே நடைபாதையில் தெரியும் குளிரைவிட அதிகம். மே மாதத்தில்கூட மஃப்ளர் வேண்டும். மழை பெய்தால் மாடியில் இருப்பவர்கள் எல்லாம் கீழே இறங்குவார்கள். அப்போது கீழ்த்தளத்தில் கூட்டம் நெரியும், வீல்சேரைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் 24 மணி நேர டிக்கெட் எடுப்பவர்கள் பார்க்கும் பகல் நேரம் உண்மையில் மிகக் குறைவு. ஞாயிறுகளில், மாரத்தான், ஊர்வலம் என்று சாலைகள் மூடப்படும் நாட்களில், சைட்சீயிங் நிறுத்தங்கள் இடம் மாறும். நடக்க முடிந்தவருக்கு அது அடுத்த தெரு. முடியாதவருக்கு அன்றைய திட்டமே போச்சு.

சைட்சீயிங் பஸ்ஸே வேண்டும் என்றால்

குழந்தைகள் கேட்கிறார்கள், தவிர்க்க முடியாது. பரவாயில்லை. அன்றைக்கு எல்லோரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடலாம். குழந்தைகளும் ஒரு பெரியவரும் மாடி பஸ்ஸில். அம்மாவும் இன்னொருவரும் 15-ல். லண்டன் கோபுரத்தில் சந்திப்பு. கோபுரத்துக்கு உள்ளே போவதாக இருந்தால், மாற்றுத்திறனாளியுடன் வரும் பராமரிப்பாளர் ஒருவருக்கு அங்கே கட்டணமில்லை. தரையில் உருண்டைக் கற்கள் பதித்திருப்பதால் வீல்சேர் தள்ளுபவர் கைவலிக்குத் தயாராகப் போக வேண்டும்.

காது கேட்காதவர்களுக்கு இயர்போன் வர்ணனையால் பயனில்லை. அதே வர்ணனை எழுத்தாகக் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு நேர்மாறாக, பதிவு செய்த குரலைவிட நேரடி வழிகாட்டி உள்ள பஸ்தான் சுவாரஸ்யம். கேள்வி கேட்கலாம், பதில் வரும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு, காலை முதல் பஸ்ஸில் கூட்டம் குறைவு. 2016-ல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நிறக் கழுத்துப்பட்டையை இப்போது பல இடங்களில் ஊழியர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதை அணிந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லும் வேலை குறையும்.

எல்லாத் திட்டமும் கவிழ்ந்து, மழையில், கடைசி பஸ்ஸும் போய்விட்டால்? லண்டனின் கறுப்பு டாக்ஸிகள் அனைத்திலும் வீல்சேரை அப்படியே ஏற்ற முடியும்; 2000-ம் ஆண்டிலிருந்தே அங்கே உரிமம் பெற அது கட்டாயம். டிரைவரே ராம்பை எடுத்துப் போடுவார். வீல்சேர் என்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது. கூரையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் காலியாக வருகிறது என்று அர்த்தம். கையைக் காட்டினால் நிற்கும்.